நாலு வயது வாலுக்கு வீட்டுக்குள் டிராம்போலின் வாங்கலாமா?

கேள்வி: போரூர் அம்மா, 5 மே 2024

பையனுக்கு ஜூனில் நாலு முடிகிறது. சோபாவிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து தரை, மறுபடி சோபா. இந்தக் கத்திரி வெயிலில் மாலை ஐந்தரை வரை கீழே இறக்க முடியவில்லை. சட்டத்தில் விரிப்பை இழுத்துக் கட்டி, கைப்பிடி வைத்த 36 அங்குலச் சின்ன டிராம்போலின் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் குதித்தால் அடங்கிவிடுவான் என்கிறாள் தோழி. கால் ஒடியும் என்கிறார் மாமியார். வைத்திருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ரெண்டாவது மாடி, 5 மே 2024, இரவு

எங்கள் வீட்டில் இருக்கிறது. பெண்ணுக்கு எட்டு, பையனுக்கு ஐந்து. பெண்ணுக்கு ஆறு முடிந்த பிறகுதான் வாங்கினோம். ஒரு எதிர்க்கேள்வி: சாயந்தரம் உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? ஒருவன்தான் என்றால் பேசலாம். எதிர்வீடு, மேல்வீடு, நாத்தனார் பிள்ளைகள் என்று கூடுகிற வீடு என்றால் அங்குலம், கைப்பிடி, பிராண்டு எல்லாம் அப்புறம்.

6 மே 2024

நேற்று தூக்கம் கண்ணைச் சுழற்றியது, பாதியில் விட்டேன். ஏன் தலையை எண்ணச் சொன்னேன் என்றால், டிராம்போலினில் அடிபடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அடிபடுவது ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் ஏறியிருக்கும்போது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2012இல் வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. ஏறியவர்களில் சின்ன உருவம் எதுவோ அதற்கு அடிபடும் வாய்ப்பு பெரியவரைவிட 14 மடங்கு வரை. வீட்டில் டிராம்போலினே வேண்டாம் என்பதுதான் அந்த அகாடமியின் நிலைப்பாடு. 1977லேயே பள்ளிகளில் இதைத் தடை செய்யச் சொன்னவர்கள் அவர்கள்.

காரணம் முட்டி மோதிக்கொள்வது மட்டும் இல்லை. பெரியவன் இறங்கும்போது விரிப்பு கீழே போகிறது, அவன் எழும்பும்போது விரிப்பும் கூடவே மேலே வருகிறது. அதே நொடியில் சின்னவன் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தால் அவன் காலுக்கு அது மெத்தையே இல்லை, எதிரே ஏறி வரும் தரை. 80 கிலோ அப்பாவும் 25 கிலோ பிள்ளையும் சேர்ந்து குதித்தால், பிள்ளையின் காலில் இறங்கும் வேகம் 2.8 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விழுவதற்குச் சமமாகலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டு வாசற்படி நிலையைவிட உயரம். குழந்தையோடு சேர்ந்து குதித்து வீடியோ போடுகிற அப்பாக்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

6 மே 2024, மாலை

"அப்படியானால் என் மாமியார் சொல்வது சரியா" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் சரி. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஏறவே வேண்டாம் என்று அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் அகாடமியும் சொல்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலெலும்பின் மேல்பகுதியில் ஒரு விரிசல் வரும். டிராம்போலின் முறிவு என்றே மருத்துவர்கள் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால் குழந்தை கீழே விழுந்திருக்கவே விழுந்திருக்காது. குதித்துக்கொண்டிருந்தது, திடீரென்று அழுதது, காலை ஊன்ற மாட்டேன் என்கிறது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிவிடுவோம். நீவக் கூடாது. ஊன்ற மாட்டேன் என்றால் எக்ஸ்ரே.

2012 அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு: டிராம்போலினில் அடிபட்ட ஐந்து வயது வரையான குழந்தைகளில் 48 சதவீதத்தினருக்கு எலும்பு முறிந்திருந்தது அல்லது மூட்டு விலகியிருந்தது. பெரிய பிள்ளைகளில் அது 29 சதவீதம்.

இவை பெரும்பாலும் அங்கே தோட்டத்தில் போடும் ஆளுயர டிராம்போலின்களின் கணக்கு. நம்முடையது தரையிலிருந்து ஒரு சாண் உயரம். அதற்காகத் துள்ளிக் குதிக்க வேண்டாம். சிறியவற்றை மட்டும் தனியாகப் பார்த்த 2005ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஆறு வயதுக்குக் கீழே தலையில் வெட்டுக்காயம் அதிகம் என்று வந்தது. அது ஏன் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஹாலில் டிவி ஸ்டாண்டின் மூலை சரியாக ஐந்து வயதுப் பையனின் நெற்றி உயரத்தில் இருக்கிறது.

9 மே 2024

தோழி சொன்ன "அடங்கிவிடுவான்" விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் நடப்பது: பெண் குதித்தால் அடங்குவாள். முகம் சிவந்து, முதுகெல்லாம் ஈரமாகி, தானே இறங்கி வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு எங்காவது மூலையில் உட்கார்ந்து எதையாவது வரைவாள். பையன் குதித்தால் ஏறும். சுருதி ஏறிக்கொண்டே போகும். இறங்கிய பிறகு ஹாலை இரண்டு சுற்று ஓடிவிட்டு அக்காவின் பென்சிலைப் பிடுங்குவான். ஒரே வயிறு, ஒரே டிராம்போலின், இரண்டு விதமான பிள்ளைகள். ஆக, வாங்குகிறவர்களுக்கு இது லாட்டரிதான்.

குதிப்பது நல்லதா என்றால் நல்லதுதான். மூன்று நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரம் உடலை அசைக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. ஃபிளாட்டில் அடைந்து கிடக்கிற பிள்ளை இந்தக் கணக்கை எங்கே போய் நிரப்பும்? உங்கள் பையனிடம் கோளாறு ஒன்றும் இல்லை. அவன் தன் பங்கைக் கேட்கிறான், வீட்டில் இடம் இல்லை, அவ்வளவுதான். "ஹைப்பர் ஆக்டிவ்" என்று சொந்தக்காரர்கள் பட்டம் கட்டுவதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பள்ளியில், கடையில், பாட்டி வீட்டில், எங்கு போனாலும் ஒரு நிமிடம்கூட நிலைகொள்ளவில்லை, பேச்சு, தூக்கம், படிப்பு எல்லாவற்றிலும் இடிக்கிறது என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். டிராம்போலின் அதற்கு மருந்து இல்லை.

10 மே 2024

நேற்று எழுதியதற்கு ஒருவர் நாசா ஆராய்ச்சியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். ஓடுவதைவிட டிராம்போலினில் குதிப்பது 68 சதவீதம் மேல் என்று நாசாவே சொல்லிவிட்டதாம். அந்த ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. 1980இல் வந்தது. எட்டு இளைஞர்களை ஓடவும் குதிக்கவும் வைத்து, கணுக்கால், முதுகு, நெற்றி ஆகிய இடங்களில் எவ்வளவு அதிர்வு ஏறுகிறது, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். எடையில்லாத வெளியில் இருந்துவிட்டு வரும் விண்வெளி வீரர்களின் உடல் தளர்ந்துபோவது அவர்கள் கவலை. போரூரில் சோபாவிலிருந்து குதிக்கிற நாலு வயதுப் பையனைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. டிராம்போலின் விற்கிறவர்கள் எல்லாரும் அட்டைப்பெட்டியில் நாசா என்று அச்சடிக்கிறார்கள். சரி, விற்கட்டும்.

14 மே 2024

உங்கள் அடுத்த கேள்வி: மின்விசிறி இடிக்குமா?

பத்தடி உயர ஹாலில் நாலு வயதுப் பையனுக்கு இடிக்காது. ஆள் 100 சென்டிமீட்டர் என்று வைத்தால், கையைத் தூக்கினால் ஏறத்தாழ 120. விரிப்பு 25. இந்த வயதில் 20, 30 சென்டிமீட்டருக்கு மேல் எழும்ப மாட்டான். ஆறடிக்குள் முடிந்துவிடுகிறது. இறக்கை எட்டரை அடிக்கு மேல் சுற்றும். ஆனால் கையில் துண்டையோ துப்பட்டாவையோ வைத்துக்கொண்டு சுழற்றிக் குதிப்பான். அதனால் விசிறிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

விசிறியைவிட எனக்குப் பயம் பரண். படுக்கையறைகளில் ஏழடியில் கான்கிரீட் லாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்குமே, அது. எட்டு வயதுப் பெண் அதன் கீழ் குதித்துக் கை நீட்டினால் விரல் போய் விளிம்பில் இடிக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் ஐந்து மாதத்தில் ஒரு அங்குலம் வளர்ந்துவிடுகிறார்கள், நாம் முதல் நாள் எடுத்த அளவையே மனதில் வைத்துக்கொண்டிருப்போம்.

சுற்றிலும் பெரியவர் கை நீட்டுகிற தூரத்துக்கு எதுவும் இருக்கக் கூடாது. டீப்பாய், டிவி ஸ்டாண்டு, தையல் மெஷின், தண்ணீர் கேன் வைக்கிற இரும்பு ஸ்டாண்டு. டைல்ஸ் தரையில் காலுறையோடு ஏற விடாதீர்கள், வெறுங்கால்தான்.

14 மே 2024, சற்று நேரம் கழித்து

கைப்பிடி. ஒற்றைக் கம்பியில் மேலே குறுக்குக் கம்பி வைத்தது ஆடும். இரண்டு கால்களில் வந்து பொருந்துகிற வளைவான கம்பி பரவாயில்லை. பிள்ளைகள் கைப்பிடியைப் பிடித்துக் குதிப்பதோடு நிற்பதில்லை, பின்னால் சாய்ந்து தொங்குவார்கள். லேசான சட்டம் என்றால் மொத்தமும் கூடவே கவிழ்ந்து வரும்.

கம்பியைச் சுற்றி ஒரு ஸ்பஞ்சு உறை வரும். எங்கள் வீட்டு உறையில் வரிசையாகப் பல் தடம். குதித்துக்கொண்டே கடித்திருக்கிறான். ஒரு இடத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்குப் பெயர்ந்தே போயிருக்கிறது, அந்தத் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது அதன் மேல் பழைய பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றித் தைத்துவிட்டேன். குதிக்கும்போது வாயில் எதுவும் இருக்கக் கூடாது என்ற விதியில் கைப்பிடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2 ஜூன் 2024

கீழ்வீட்டுக்காரர் பற்றிக் கேட்ட அண்ணாநகர் நண்பருக்கு. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, உண்மையில் ஃபிளாட்டில் முதல் பிரச்சினை இதுதான். எங்கள் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். வாங்கிய முதல் வாரமே மேலே வந்து, "உலக்கை போட்டு இடிக்கிறீர்களாம்மா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

எழுத்து எழுதிய பஞ்சு விரிப்புகள் வருமே, ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது, அவற்றைப் போட்டால் போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். போதாது. சத்தம் இரண்டு வகை. ஸ்பிரிங் கிரீச்சிடுவது, கால் டைல்ஸில் தட்டுவது ஒரு வகை, அது விரிப்பில் குறையும். தொம் தொம் என்று ஸ்லாப் வழியாக இறங்குகிற அதிர்வு மெல்லிய பஞ்சுக்கு அடங்காது. என் வீட்டுக்காரர் சைட் இன்ஜினியர். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான், ஹால் நடுவிலிருந்து எடுத்துத் தூணும் பீமும் சந்திக்கிற மூலைப்பக்கம் நகர்த்தினார். ஸ்லாப் நடுவில்தான் அதிகம் அதிரும், பீம் ஓரத்தில் குறைவு. கால்களுக்குக் கீழே உடற்பயிற்சிக் கூடத்தில் போடுகிற கனமான கறுப்பு ரப்பர் விரிப்பை வெட்டி வைத்தோம். கீழே போய் நின்று கேட்டோம். நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது.

மீதியை நேரக் கட்டுப்பாடு பார்த்துக்கொண்டது. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கிடையாது, இரவு ஏழுக்கு மேல் கிடையாது. சார் தூங்குகிற நேரம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கரும்பு கொண்டுபோய்க் கொடுத்ததும் இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3 ஜூன் 2024

மூலைக்கு நகர்த்தினால் மே 14இல் சொன்ன இடைவெளி எங்கே என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. மூலையில் ஒட்டி வைக்கவில்லை, மூலைப்பக்கம் என்றேன். கைப்பிடி இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்கிறது, சுவருக்கும் அதற்கும் நடுவே ஆள் போகிற இடம் விட்டிருக்கிறோம். பிள்ளைகள் பெரும்பாலும் பின்னால்தான் விழுகிறார்கள், அந்தப் பக்கம் முழுக்கக் காலி. அங்கே பாட்டியின் இலவம்பஞ்சு மெத்தை கிடக்கிறது. இதற்காக சோபாவையே பால்கனிக் கதவுப்பக்கம் தள்ளினோம், இப்போது பால்கனிக்குப் போக இடுப்பை ஒடுக்கிப் போக வேண்டியிருக்கிறது.

19 ஜூன் 2024

அமைப்பதைப் பற்றி. ஸ்பிரிங் மாடல் வாங்கினால் ஒரு பக்கமிருந்து வரிசையாக மாட்டிக்கொண்டே போகாதீர்கள். பாதி சுற்று வந்ததும் விரிப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கம் கொக்கி எட்டவே எட்டாது. பன்னிரண்டு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. அப்புறம் இடையில் இடையில். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் நழுவினால் விரல் சதையைக் கவ்விக்கொள்ளும். பிள்ளைகளை அந்த நேரத்தில் வேறு அறைக்கு அனுப்பிவிடவும், ஏனென்றால் விரிப்பு இழுபட்டு நின்ற அடுத்த நொடியே ஏறத் துடிப்பார்கள், திருகாணி பாதிதான் முடுக்கியிருக்கும்.

ஸ்பிரிங் இல்லாமல் எலாஸ்டிக் கயிறு வைத்ததும் வருகிறது. சத்தம் குறைவு, விரல் மாட்டாது. கொஞ்ச நாளில் கயிறு தொய்யும். எனக்கு மறுபடி வாங்க வேண்டி வந்தால் கயிறுதான். எதுவானாலும் ஓரத்தை மூடுகிற பட்டை நகராமல் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா பாருங்கள், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு இந்தியாவில் 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். "உடற்பயிற்சிக் கருவி" என்று போட்டு விற்கிறவற்றில் அதைத் தேடினால் கிடைக்காது. அது பெரியவர்களுக்கான சாமான்.

20 ஜூன் 2024

பெரியவர்கள் என்றதும் இன்னொன்று. பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் ஏறிப் பார்த்தேன். இரண்டு பிரசவம் ஆன அம்மாக்கள் குதிக்குமுன் பாத்ரூம் போய்விட்டு வரவும். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், புரிகிறவர்களுக்குப் புரியும்.

11 ஆகஸ்ட் 2024

டிராம்போலின் பார்க் பற்றி ஒருவர் கேட்டார். பெண்ணின் வகுப்புத் தோழி பிறந்தநாளுக்கு ஒன்றுக்குப் போனோம், பேர் வேண்டாம். பிடிமான காலுறை தனிக்காசு, "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்கிற தாளில் கையெழுத்து, சுவரோடு சுவராக விரிப்புகள். ஒரு கட்டத்துக்கு ஒருவர் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, அதன் கீழேயே ஒரு கட்டத்தில் மூன்று பேர். விசில் வைத்திருந்த பையன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய பையன்கள் வேண்டுமென்றே சின்னவனை நடுவில் நிற்கவைத்து, அவன் இறங்குகிற நேரம் பார்த்துப் பக்கத்தில் மிதித்து அவனை மேலே வீசுகிறார்கள். அதற்கு டபுள் பவுன்ஸ் என்று பேர் வேறு. மே 6இல் நான் எழுதிய அதே கணக்கு, இங்கே விளையாட்டாக நடக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பார்க்குகளில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் 2010இல் 581 பேர் என்றும் 2014இல் 6,932 பேர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். பார்க்குகளின் எண்ணிக்கையும் அந்த நாலு வருடத்தில் பெருகியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும் பையனை நான் ஏற்றவில்லை. அழுதான். குழந்தைகள் பகுதியில் பந்துக்குள் புதைத்துவிட்டேன்.

12 ஆகஸ்ட் 2024

"ஒலிம்பிக்கிலேயே இருக்கிறதே, அவ்வளவு ஆபத்தா?" இந்த வாதம் எப்படியும் வரும் என்று தெரியும். ஒலிம்பிக்கில் 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து இருக்கிறது. இப்போதுதான் பாரிஸிலும் முடிந்தது. பார்த்தீர்களா? ஒரு விரிப்பு, ஒரு ஆள். உலகப் போட்டிகளில் ஜோடியாகக் குதிக்கும் பிரிவு ஒன்று உண்டு. அதிலும் இரண்டு பேருக்கு இரண்டு டிராம்போலின், பக்கத்தில் பக்கத்தில். உலக சாம்பியன்களே ஒரே விரிப்பில் ஏறுவதில்லை. என் பெண்ணுக்கு அந்த வீடியோவைக் காட்டினேன், நான் மாதக்கணக்கில் கத்தியது அன்றைக்குத்தான் உறைத்தது. "அவங்களே ஏறலையாம்டா" என்று தம்பிக்குப் பாடம் எடுத்தாள்.

டிராம்போலினைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த ஜார்ஜ் நிசன். சர்க்கஸில் பார் ஆடுகிறவர்கள் கடைசியில் வலையில் விழுந்து துள்ளி எழுவார்களே, அதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். லாரி கிரிஸ்வோல்டு என்கிற பயிற்சியாளருடன் சேர்ந்து 1930களில் செய்தார். 1960இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு கங்காருவோடு சேர்ந்து குதிக்கிற விளம்பரப் படமும் இருக்கிறது. ஒருவருக்கு மேல் ஏறக் கூடாது என்ற விதியை, டிராம்போலினைக் கண்டுபிடித்தவரே மீறியிருக்கிறார், அதுவும் யாரோடு பாருங்கள்.

17 அக்டோபர் 2024

மழை விடுமுறை. மூன்றாவது நாளாக இரண்டும் வீட்டில். டிராம்போலின் இல்லாவிட்டால் நான் வீட்டை விட்டு ஓடியிருப்பேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இதுவரை எழுதியதைப் படிக்கிறவர்கள் நான் எதிரி என்று நினைப்பார்கள்.

முறை எப்படி என்றால், ஏறுகிறவர் ஒரு வாய்ப்பாடு சொல்லி முடித்ததும் இறங்க வேண்டும். பெண் பதினாறாம் வாய்ப்பாட்டை எடுத்துக்கொள்கிறாள், தடுமாறித் தடுமாறி நேரம் ஓடும் என்பதால். பையனுக்கு இரண்டாம் வாய்ப்பாடுதான் தெரியும். அவன் அதையே இழுத்து இழுத்து, ஈரெட்டு பதினாறுக்கு அப்புறம் மறந்துவிட்டது போல மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். காத்திருக்கிறவர் மெத்தைக்கு அந்தப் பக்கம் சுவரோரம் பாயில். பாயை விட்டு எழுந்தால் முறை போச்சு. அவனுக்கு ஆறாகவில்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். நான் கை எட்டுகிற தூரத்தில் நிற்கிறேன், கைப்பிடியை விடக் கூடாது, கால் விரிப்பை விட்டு ரொம்ப எழும்பக் கூடாது, குட்டிக்கரணம் அக்காவுக்கும் கிடையாது. மருத்துவர்கள் சொல்வது தெரிந்தே நான் எடுத்திருக்கிற முடிவு அது. அக்கா குதிக்கிற வீட்டில் தம்பியை ஒரு வருடம் முழுக்கப் பார்வையாளனாக உட்காரவைக்க என்னால் முடியவில்லை. ஒற்றைப் பிள்ளை இருக்கிற போரூர் அம்மாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

18 அக்டோபர் 2024

"அப்படியானால் நாலு வயதுக்கு என்னதான் செய்வது" என்று போரூர் அம்மா மறுபடி வந்திருக்கிறார். இன்னும் வாங்கவில்லையாம், நல்லது.

மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் போடுங்கள். அதில் குதிக்கட்டும், உருளட்டும். உயரம் இல்லை, எதிர்த்து வீசுகிற ஸ்பிரிங் இல்லை. தரையில் சாக்பீஸால் பாண்டிக்கட்டம் போடுங்கள், டைல்ஸ் கட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். தவளைப் பாய்ச்சலில் சமையலறை வரை போய் வெங்காயம் ஒன்று ஒன்றாக எடுத்து வரச் சொல்லுங்கள். கொக்கி இருந்தால் ஊஞ்சல். மாலையில் வெயில் தாழ்ந்ததும் படிக்கட்டு.

இன்னொன்று, எனக்கே பிந்தித்தான் தெரிந்தது. தோழி ஒருத்தி குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளுக்கும் உடல் அசைவுக்கும் பயிற்சி தருகிறவர். அவர்கள் மையத்திலும் சின்ன டிராம்போலின் உண்டு, ஆனால் குதிக்கவிட்டு அப்படியே அனுப்ப மாட்டார்கள். அடுத்து தள்ளுவது, இழுப்பது, சுமப்பது என்று தசைக்கும் மூட்டுக்கும் பாரம் தருகிற வேலை ஒன்றைக் கொடுப்பார்களாம். பல பிள்ளைகளை நிலைக்குக் கொண்டுவருவது அந்த இரண்டாவது பகுதிதான் என்றாள். மே 9இல் என் பையன் குதித்தால் சுருதி ஏறுகிறது என்று எழுதினேன் அல்லவா, அவனுக்கு இதைச் செய்து பார்த்தேன். குதித்து முடித்ததும் பாதி தண்ணீர் இருக்கிற இருபது லிட்டர் கேனைத் தரையில் படுக்கவைத்து, வாசலிலிருந்து சமையலறை வரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். மூடி இறுக்கமா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சப்பாத்தி மாவு. ஒரு உருண்டையைக் கையில் கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பிசைவான். சப்பாத்தி கறுப்பாகத்தான் வரும், அதை அவன் அப்பாவுக்கு வைத்துவிடலாம். ஆனால் அன்றைக்குப் பென்சில் பிடுங்கல் இல்லை. எல்லா நாளும் வேலை செய்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

உங்கள் பையனுக்கு டிராம்போலினே இல்லாமல் இந்த இரண்டாவது பகுதியை மட்டும் முயன்று பாருங்கள்.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நேற்று கரையைக் கடந்தது. கரண்ட் வந்து போய்க்கொண்டிருக்கிறது. இருட்டில் குதிக்கக் கூடாது என்று இதுவரை விதி போடாமல் இருந்திருக்கிறோம், இன்றைக்குப் போட்டாயிற்று.

22 டிசம்பர் 2024

துரு. திருவான்மியூரில், கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. ஸ்பிரிங் கொக்கிகளில் செம்மண் நிறத்தில் பொடி படிந்திருக்கிறது, விரலால் தடவினால் ஒட்டுகிறது. மூடியிருக்கிற பட்டையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், மேலே இருந்து பார்க்கப் புதுசாட்டம் இருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு தடவையாவது பட்டையைத் தூக்கிப் பாருங்கள்.

கிரீச்சென்ற சத்தத்துக்கு என் மாமியார் யாரிடமும் சொல்லாமல் எல்லா ஸ்பிரிங்குக்கும் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டார். சத்தம் நின்றது. மறுநாள் காலையில் பூஜை அலமாரியிலிருந்து டிராம்போலின் வரை எறும்பு ஊர்வலம், விரிப்பைச் சுற்றி ஒரு பிரதட்சிணம். துடைத்து எடுத்து சிலிக்கான் ஸ்பிரே அடித்தோம். சைக்கிள் கடையிலோ ஹார்டுவேரிலோ கேட்டால் கொடுப்பார்கள்.

9 பிப்ரவரி 2025

போரூர் அம்மா தகவல் போட்டிருக்கிறார். ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் அதே கட்டடத்துக்குக் குடிவந்துவிட்டதாம், இப்போது சாயந்தரம் வீட்டில் நாலு பிள்ளைகள். தரையில் போட்ட மெத்தையே போதும் என்று முடிவு செய்துவிட்டாராம். மெத்தை பிய்ந்துவிட்டதாம். பஞ்சு அடிக்கிறவர்கள் போரூர்ப் பக்கம் யாராவது இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி 2025

மாற்று ஸ்பிரிங் எந்த அளவில் வாங்குவது என்று கேட்டவருக்கு: பழையதைக் கழற்றி, இழுக்காமல், ஒரு கொக்கியின் வெளி முனையிலிருந்து மறு கொக்கியின் வெளி முனை வரை ஸ்கேல் வைத்து அளக்கவும். மாட்டியிருக்கும்போது அளந்தால் நீண்டிருக்கும், தப்பான அளவு வந்து சேரும். கம்பியின் தடிமனையும் பாருங்கள். ஒன்றிரண்டு தொய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் அந்தப் பக்கம் விறைப்பாகி விரிப்பு சாயும், எதிரெதிர் இடங்களில் ஜோடியாக மாற்றுவது நல்லது. நான் முழு செட்டும் மாற்றப் போகிறேன். கழற்றிய பழையது யாருக்காவது வேண்டுமென்றால் தர மாட்டேன், துருப்பிடித்தது.